விலகமுடியாதவனுக்கு வழிவிடு: கடற்சட்டமும் எமது சிறு வள்ளங்களும்

எமது நாட்டுத் தெருக்களிலே எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. பெரியது வந்தால் சிறியது ஒதுங்கவேண்டும். பஸ் வந்தால் சைக்கிள்காரன் தெருவை விட்டு மண்ணில் இறங்குவான். லொறி வந்தால் முச்சக்கரவண்டி ஓரத்தில் ஒடுங்கும். யாரும் இதைப் படிப்பிக்கவில்லை, பயம் படிப்பித்தது.

கடலிலே எழுதப்பட்டிருக்கும் சட்டம் வேறு விதமானது. அங்கே முதற் கேள்வி பெரியவன் யார், சிறியவன் யார் என்பதல்ல. விலகக்கூடியவன் யார், விலகமுடியாதவன் யார் என்பதே. விலகக்கூடியவன் விலகமுடியாதவனுக்கு வழிவிடவேண்டும். உலகச் சட்டங்களிலே இயலாமைக்கு இவ்வளவு வெளிப்படையாக முன்னுரிமை கொடுக்கும் சட்டங்கள் அதிகம் இல்லை. ஆனால் இந்த முன்னுரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விலகமுடியாதவன் தன் நிலையை மற்றவனுக்குத் தெரியும்படி காட்டவேண்டும். பகலில் உருவக் குறிகளாலும், இரவில் விளக்குகளாலும், மூடுபனியில் ஒலியாலும் அவன் பேசவேண்டும்.

எமது கரையோர மக்களுட் பெரும்பாலானோருக்கு இந்த மொழி தெரியாது. தெரிந்த சிலரும் அதைப் பேசுவதில்லை. இதனால் ஏற்படும் இழப்பு என்ன, இதற்கு யார் பொறுப்பு, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றைச் சிந்திக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான சர்வதேச விதிகள் 1972ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் உருவாக்கப்பட்டு, 1977 யூலை 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டன. இலங்கையும் இந்தியாவும் இவற்றை ஏற்றுக்கொண்ட நாடுகள். பல இலட்சம் தொன் எடையுள்ள எண்ணெய்க் கப்பலுக்கும் எமது பதினெட்டு அடிப் பிளாஸ்ரிக் படகுக்கும் ஒரே விதிப் புத்தகந்தான்.

இவ்விதிகள் கடற்கலங்களை ஒரு படிவரிசையிலே வைக்கின்றன. மேற்படியில் நிற்பவை இரு வகை. ஒன்று, கட்டுப்பாடிழந்த கலம்: இயந்திரம் நின்றோ சுக்கான் உடைந்தோ, விதிப்படி விலகிச் செல்ல முடியாத நிலையில் கிடப்பது. மற்றையது, தான் செய்யும் வேலையின் காரணமாகவே இயங்குதிறன் மட்டுப்பட்ட கலம்: கடலடியில் கம்பிவடம் அல்லது குழாய் பதிப்பது, மிதவை வைப்பது, மண் அகழ்வது, கடலை அளப்பது, சுழியோடிகளை இறக்குவது, கண்ணிவெடி அகற்றுவது, ஓடியபடியே இன்னொரு கலத்துக்கு ஆட்களையோ பொருளையோ மாற்றுவது, திரும்பமுடியாத அளவுக்குப் பாரமான ஒன்றை இழுத்துச் செல்வது முதலியன. இவற்றுக்கு அடுத்த படியிலே மீன்பிடியில் ஈடுபட்டிருக்கும் கலம் நிற்கிறது. அதன் கீழே பாய்க்கலம். எல்லாவற்றுக்கும் கீழே, வேறெந்த வேலையும் இல்லாமல் இயந்திரத்தால் ஓடும் கலம். கீழே நிற்பது மேலே நிற்பதற்கு வழிவிடவேண்டும் என்பதே பொது நியதி.

மேற்படியில் நிற்பவர்கள் தம்மை எப்படி அறிவிக்கிறார்கள்? கட்டுப்பாடிழந்த கலம் இரவிலே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை ஏற்றும். பகலிலே இரண்டு கரும்பந்துகளைத் தொங்கவிடும். இயங்குதிறன் மட்டுப்பட்ட கலம் இரவிலே சிவப்பு, வெள்ளை, சிவப்பு என மூன்று விளக்குகளை மேலிருந்து கீழாக ஏற்றும். பகலிலே பந்து, சாய்சதுரம், பந்து என மூன்று கறுப்பு உருவங்களைக் காட்டும். மண் அகழும் கலத்தின் ஒரு பக்கத்தில் குழாயோ வடமோ தடையாக இருந்தால், அந்தப் பக்கத்தில் மேலும் இரண்டு சிவப்பு விளக்குகளும், மற்றவர் கடந்துபோகக்கூடிய பக்கத்தில் இரண்டு பச்சை விளக்குகளும் எரியும். கண்ணிவெடி அகற்றும் கலம் மூன்று பச்சை விளக்குகளைக் காட்டும். அதற்கு 1000 மீற்றருக்குள் போவது ஆபத்து. மூடுபனியில் இவற்றுட் பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பும்.

மீன்பிடிக் கலத்தின் மொழி இன்னும் எளிது. இழுவைவலை இழுப்பவர் மேலே பச்சை, கீழே வெள்ளை. வேறு வலையோ தூண்டிலோ போட்டிருப்பவர் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலை படகிலிருந்து 150 மீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் திசையில் இன்னுமொரு வெள்ளை விளக்கு. பகலிலே நுனியோடு நுனி பொருந்திய இரண்டு கறுப்புக் கூம்புகள். ஒரு காலத்தில் 20 மீற்றருக்குக் குறைந்த படகு கூம்புக்குப் பதிலாக ஒரு கூடையை உயர்த்திக் காட்டினாற் போதும் என்றிருந்தது. பின்னர் வந்த திருத்தத்தில் அந்தக் கூடை நீக்கப்பட்டுவிட்டது.

ஒரு மாலைக் கூட்டம்

சில காலத்துக்கு முன், வடகரையில் உள்ள ஒரு மீனவர் சங்கக் கட்டடத்திலே இதைப்பற்றிப் பேச நேர்ந்தது. கரும்பலகையிலே கலர்ச் சோக்கினால் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டங்கள் கீறி, "இரவிலே இப்படி ஒரு கப்பலைக் கண்டால் என்ன விளங்கும்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் சிரித்துக்கொண்டே, "சுவாமி, உது கப்பலிலை கலியாணவீடு நடக்குதாக்கும், சோடனை போட்டிருக்கிறாங்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் சிரிப்பு அடங்கிய பின் நான் எண்ணிப் பார்த்தேன். அந்த மனிதர் ஐம்பது வருடக் கடலோடி. நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்வார். நீரின் நிறம் பார்த்து ஆழம் சொல்வார். காற்று மாறுவதைக் கன்னத்தால் அறிவார். அவருக்கு இந்த மூன்று விளக்குகளின் பொருள் தெரியாமற் போனது அவருடைய அறிவின் குறையல்ல. அவருடைய கடலுக்குள் புதிய கலங்கள் வந்தன. அக்கலங்களின் மொழியை அவருக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை.

இது வடக்கிற்கு மட்டும் உரிய நிலையல்ல. 2014இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக நகரத் திட்டத்துக்காக 269 ஹெக்ரேயர் நிலம் கடலிலே புதிதாக உருவாக்கப்பட்டது. 2019 தொடக்கத்தில் நிரப்பும் வேலை முடிந்தது. அதற்கான மணலை அகழ்ந்த கப்பல்கள் மேற்குக் கரையோரக் கடலிலே வேலை செய்தன. நீர்கொழும்பு மீனவர்கள் தமது மீன்பிடி நிலம் அழிவதாகச் சொல்லிப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயம் வேறாகப் பேசப்படவேண்டியது. இங்கே நான் சொல்லவருவது இதுதான்: இப்படிப்பட்ட கப்பல் ஒன்று மீனவரின் கடலுக்குள் வந்து சிவப்பு, வெள்ளை, சிவப்பு ஏற்றிய கணத்திலிருந்து, சட்டப்படி மீனவரே இயன்றவரை அதற்கு விலகவேண்டும். எந்தப் பக்கத்தால் போனால் உயிர் தப்பும் என்பதையும் அந்த விளக்குகளே சொல்கின்றன. அபிவிருத்தியைக் கடலுக்குள் அனுப்புகிறவர்கள், அதன் விளக்குகளுக்குப் பொருள் சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரத்தையாவது கரைக்கு அனுப்பவேண்டாமா? ஏற்கனவே அந்தக் கடலில் தொழில் செய்பவனுக்கு, வரப்போகிறவனின் அடையாளத்தைச் சொல்வது சலுகையல்ல, கடமை.

12 மீற்றர் என்ற கோடு

இனி எமது பக்கத்துக்கு வருவோம். கட்டுப்பாடிழந்த கலத்தையும் இயங்குதிறன் மட்டுப்பட்ட கலத்தையும் பற்றிய விதியிலே ஒரு விலக்கு உண்டு. 12 மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 39 அடிக்குக் குறைந்த கலங்கள் அந்த விதியில் சொல்லப்பட்ட விளக்குகளையும் உருவங்களையும் காட்டவேண்டியதில்லை. சுழியோடும் வேலையில் ஈடுபட்ட கலங்களுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை. எமது கரையின் ஒருநாட் படகுகள் ஏறத்தாழ எல்லாமே இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பவை.

இந்த விலக்கு ஒரு தயவு. சின்னப் படகிலே உயர்ந்த மரமும் மூன்று விளக்கும் அவற்றுக்கு மின்சாரமும் எங்கே என்று யோசித்து எழுதிய தயவு. ஆனால் கடலிலே தயவு சில வேளைகளில் உயிரை வாங்கிவிடும். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோன எமது படகு இரண்டு சிவப்பு விளக்கு ஏற்றாவிட்டாற் குற்றமில்லை. ஆனால் ஏற்றாத படகின் நிலையை எதிரே வரும் கப்பலின் மாலுமி எப்படி அறிவான்? சட்டம் மன்னிப்பதனால் கப்பல் நின்றுவிடாது.

இதைவிட முக்கியமான ஒன்றை எமது மீனவர் பலர் தவறாக விளங்கிவைத்திருக்கிறார்கள். 12 மீற்றர் விலக்கு மீன்பிடி விளக்குகளுக்குப் பொருந்தாது. மீன்பிடிக் கலங்களைப் பற்றிய விதியில் நீள அளவைச் சொல்லி எவருக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை. எனவே செவுள்வலை போட்டுவிட்டு அதன் ஒரு தலைப்பில் படகைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் பதினெட்டு அடிப் படகும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை ஏற்றவேண்டும். வலை நூற்றுக்கணக்கான மீற்றருக்கு நீண்டு கிடக்குமாதலால், வலைப்பக்கம் இன்னொரு வெள்ளையும் வேண்டும். "நாங்கள் சின்ன ஆக்கள், எங்களுக்குச் சட்டம் இல்லை" என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம், அது உண்மையல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வலை போட்டவன் உண்மையிலே விலகமுடியாதவன்தான். ஆனாலும் சட்டம் அவனை இயங்குதிறன் மட்டுப்பட்ட கலமாகக் கணிப்பதில்லை. அவனுக்குத் தனியான படியும் தனியான விளக்கும் வகுத்திருக்கிறது. ஆகவே கூடுதலான மரியாதை கிடைக்கும் என்று எண்ணி எவரும் சிவப்பு, வெள்ளை, சிவப்பு ஏற்றக்கூடாது. பொய்யான விளக்கு, விளக்கில்லாமையைவிட ஆபத்தானது.

ஒற்றை வெள்ளை விளக்கு சொல்லும் பொய்

எமது படகுகளிலே வழமையாக எரிவது எது? முந்திய நாட்களில் அரிக்கன் லாம்பு. இன்று பற்றரியில் எரியும் ஒரு வெள்ளைப் பல்ப், அல்லது கையில் ஒரு ரோச் லைற். வேறு படகோ கப்பலோ கிட்ட வந்தால் ரோச்சை அடித்துக் காட்டுவது. துடுப்பு வலிக்கும் படகுக்கு விதி கேட்கும் மிகக் குறைந்த ஏற்பாடும் ஏறக்குறைய அதுதான்: ஒரு வெள்ளை வெளிச்சத்தை ஆயத்தமாக வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய நேரத்தில் காட்டுவது. ஏழு மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு ஏழு கடல்மைலுக்கு மேல் ஓடாத இயந்திரப் படகுக்கும் ஒரு வெள்ளைச் சுற்றுவிளக்குடன் விதி சமாதானமடைகிறது. இயலுமானாற் பக்கவிளக்குகளும் வேண்டும் என்கிறது. ஆனால் இவையெல்லாம் போய்க்கொண்டிருக்கும் படகுக்கு. வலையோடு கட்டுண்டு கிடக்கும் படகுக்கு அல்ல.

கப்பலின் மேற்தளத்தில் நிற்கும் காவல் மாலுமியின் கண்ணாலே பாருங்கள். தூரத்தில் ஒற்றை வெள்ளை வெளிச்சம். அது என்ன? முன்னே அதே திசையில் போகும் ஒரு கப்பலின் பின்விளக்காக இருக்கலாம். நங்கூரமிட்ட சிறு கலமாக இருக்கலாம். ஓடும் சிறு படகாக இருக்கலாம். இந்த மூன்றில் எதுவாக எடுத்தாலும், அதன் பின்னால் ஒரு கிலோமீற்றர் வலை கிடக்கிறது என்று அவன் எண்ணப்போவதில்லை. நாங்கள் வெளிச்சம் காட்டுகிறோம். ஆனால் அந்த வெளிச்சம் எமது நிலையைச் சொல்லவில்லை. மேலே ஒரு சிவப்பு இருந்திருந்தால் மாலுமிக்கு ஒரே பொருள்தான்: இங்கே வலை கிடக்கிறது, ஆள் விலகமுடியாது.

நேரக் கணக்கையும் பார்ப்போம். சிறு கலத்தின் சுற்றுவிளக்கு இரண்டு கடல்மைலுக்காவது தெரியவேண்டும் என்பது விதி. மணிக்கு 18 கடல்மைல் ஓடும் கப்பல் அந்த இரண்டு மைலைக் கடக்க ஏழு நிமிடங்கூட எடுக்காது. அதற்குள் கண்டு, பொருள் விளங்கி, முடிவெடுத்து, திரும்பவேண்டும். மங்கலான பல்ப் என்றால் அந்த நேரமும் இல்லை. படகின் விளிம்போடு தாழ்வாகக் கட்டிய விளக்கு அலைப்பள்ளத்தில் மறைந்து மறைந்து தெரியும். ராடர் காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. மரமும் பிளாஸ்ரிக்கும் ராடரிலே உலோகம்போலப் பளிச்சென்று தெரிவதில்லை. அலை எழுந்த இரவில் அந்த அலைகளின் புள்ளிகளோடு கலந்து போய்விடும்.

தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகின் மிக நெருக்கமான கப்பற் பாதைகளில் ஒன்று போகிறது. அங்கே வகுக்கப்பட்டிருக்கும் போக்குவரத்து வழிகளிலே செல்லும் கப்பலுக்கு மீன்பிடிக் கலம் இடையூறு செய்யக்கூடாது என்பதும் விதிதான். அதாவது வழிவிடும் முன்னுரிமைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை அறியாத மீனவன், சட்டம் தன்னோடு நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு, சட்டம் தன்னைக் கைவிட்ட இடத்திலே நிற்பான்.

இவை வெறும் கற்பனைப் பயங்கள் அல்ல. 2017 யூனில் கொச்சிக்கு வெளியேயும், 2018 ஓகஸ்டில் முனம்பத்துக்கு வெளியேயும், 2021 ஏப்பிரலில் மங்களூருக்கு வெளியேயும் கப்பல்கள் மோதி மீனவர்கள் மாண்டார்கள். அவர்களுள் குமரிமாவட்டக் கரையோரத் தமிழ் மீனவரும் அடங்குவர். இப்படிப்பட்ட விபத்துகளில் பிழை யாருடையது என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சரியான காவல் வைப்பது ஒவ்வொரு கப்பலினதும் கடமை. அதிலிருந்து எந்தக் கப்பலுக்கும் விலக்கு இல்லை. ஆனால் எந்த விசாரணையிலும் மாண்டவனைப் பற்றிக் கேட்கப்படும் முதற் கேள்விகளில் ஒன்று, "என்ன விளக்கு எரிந்தது?" என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் இல்லாவிட்டால், விதவையின் நட்டஈட்டிலிருந்தும் ஒரு பங்கு வெட்டப்படும்.

இருளுக்குப் பழகிய கண்

அந்தக் கூட்டத்திலே இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, முதலிற் சிரித்த அதே முதியவர் எழுந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "சுவாமி சொல்லுறது சரி. ஆனால் நாங்கள் படிச்சது வேறை. வெளிச்சம் காட்டினவன் போனான், இருட்டிலை கிடந்தவன் பிழைச்சான். இருபத்தைஞ்சு வருசம் அப்பிடித்தானே போச்சு?" என்றார்.

நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். யுத்த காலத்தில் வடகடலிலே இரவுத்தொழில் தடைசெய்யப்பட்டிருந்தது. போகக்கூடிய தூரமும் இயந்திரத்தின் வலுவும் மட்டுப்படுத்தப்பட்டிருந்தன. பசிக்காகக் கடலில் இறங்கியவன் இருளையே போர்வையாக்கிக் கொண்டான். விளக்கு அவனைப் பாதுகாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது. 2009உடன் யுத்தம் முடிந்தது. தடைகளும் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் ஒரு தலைமுறையின் உடம்பில் ஏறிய பயம் வர்த்தமானி அறிவித்தலால் இறங்கிவிடாது. அந்தத் தகப்பனிடம் தொழில் பழகிய மகனும் விளக்கை அணைத்துவிட்டு வலைபோடுவதையே இயல்பான பழக்கமாகக் கொண்டிருக்கிறான்.

ஆகவே, "மீனவர் அறியாமையால் விளக்கு ஏற்றுவதில்லை" என்று அலுவலகக் கதிரையிலிருந்து சொல்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனிதர் ஒளியை வெறுத்து இருளைத் தேடவில்லை. ஒளி தமக்கு என்ன செய்தது என்பதை அறிந்திருந்தபடியாலேயே இருளைத் தேடினார்கள். அந்த நம்பிக்கை திரும்ப வரவேண்டுமானால், விளக்கேற்றியவன் பாதுகாக்கப்படுகிறான் என்பதை அவன் கண்ணாற் காணவேண்டும்.

வேறு நியாயங்களும் சொல்லப்பட்டன. இருட்டு நாட்களில் வெளிச்சத்தைக் கண்டு மீன் விலகும் என்றார் ஒருவர். விளக்கைப் பார்த்து வலை இருக்கும் இடத்தை அறிந்து களவாடுவார்கள் என்றார் இன்னொருவர். பற்றரி இறங்கிவிடும் என்றார் மூன்றாமவர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நீரை நோக்கிக் கீழே அடிக்கும் வெளிச்சம் வேறு. உயரத்திலே, கடலை நோக்கிச் சுற்றிலும் தெரியும் சிறு விளக்கு வேறு. வலைக் களவுக்கு மருந்து ஊர்ச்சங்கத்தின் ஒற்றுமை, இருள் அல்ல. பற்றரியைப் பற்றிச் சொன்னவருக்கு மட்டும் நான் முழுமையாக உடன்படுகிறேன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறிய பின், கடலுக்குப் போவதா விடுவதா என்று கணக்குப் பார்த்த குடும்பத்திடம், இன்னும் இரண்டு விளக்கும் ஒரு பற்றரியும் வாங்கு என்று சும்மா சொல்ல முடியாது.

சுழியோடிகளின் கொடி

12 மீற்றர் விலக்கு இல்லாத ஒரே சிறு கலம் சுழியோடிகளின் படகு என்று மேலே சொன்னேன். முத்துக்குளித்த மரபு உள்ள மன்னார்க் கரையிலும், தீவுப் பகுதிகளிலும், கிழக்குக் கரையிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுபவர்கள் அநேகர். நீருக்கடியில் இருப்பவன் படகையும் பார்க்கமாட்டான், அதன் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் அறியமாட்டான். அவன் தலைக்குமேலே ஓடிவரும் படகின் காற்றாடி அவனைக் கேட்டுவிட்டு வராது.

இதற்காகத்தான் விதி இறுக்கமாக நிற்கிறது. படகு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இரவிலே சிவப்பு, வெள்ளை, சிவப்பு. பகலிலே சர்வதேசக் குறியீட்டின் முதலாவது எழுத்துக் கொடி: கம்பப் பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நீலம், மீன்வால்போல வெட்டப்பட்டது. துணியாக இருந்தால் காற்றில்லாத வேளையில் சுருண்டு கிடக்கும் என்பதனால், விறைப்பான பொருளிலே ஒரு மீற்றருக்குக் குறையாத உயரத்தில் செய்து, எல்லாப் பக்கமும் தெரிய வைக்கவேண்டும். ஒரு தகரத் துண்டும் இரண்டு நிறப் பெயின்ரும் போதும். இதைச் செய்ய வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. ஆனால் கொடியை வைப்பதனால் மட்டும் பயனில்லை. அவ்வழியாக ஓடும் மற்றப் படகுக்காரருக்கும் அதன் பொருள் தெரிந்திருக்கவேண்டும். அதனால்தான் இது தனியாள் விடயமல்ல, ஊர் விடயம்.

றோலரும் சிறுவலையும்

பாக்குநீரிணையில் எமது மீனவருக்கு இரவில் அதிகம் பயம் தருவது கப்பல் அல்ல, றோலர். இதை மறைத்து விளக்குகளைப் பற்றி எழுதினால் வாசகர்கள் என்னை நம்பமாட்டார்கள். இந்தியக் கரையிலிருந்து வரும் றோலர்கள் விளக்கை அணைத்துவிட்டு வருகின்றன, வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன என்பது எமது மீனவர் இடைவிடாமல் சொல்லிவரும் முறைப்பாடு. உள்ளூர் றோலர்களைப் பற்றியும் முறைப்பாடு உண்டு. எமது கடலில் அடிமட்ட இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடைசெய்துவிட்டது.

மோதல் விதிகளைப் பொறுத்தவரை இங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது. இழுவைவலை இழுக்கும் றோலரும் செவுள்வலை போட்ட வள்ளமும் ஒரே படியிலே நிற்பவை; இரண்டும் மீன்பிடியில் ஈடுபட்ட கலங்கள். ஒன்று மற்றதற்கு வழிவிடவேண்டும் என்று படிவரிசை சொல்லவில்லை. ஆனால் ஒன்று இயந்திரத்தின் வலுவோடு முன்னே போய்க்கொண்டிருக்கிறது. மற்றது வலையோடு கட்டுண்டு கிடக்கிறது. இப்படியான இடத்திலே நல்ல கடலோடியின் வழமையான கவனத்தைக் கைவிடலாகாது என்று அதே விதிகளின் ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. விலகக்கூடியவன் விலகவேண்டும் என்ற அடிப்படை நியாயம் இங்கேயும் செல்லும். மேலே பச்சை, கீழே வெள்ளை ஏற்றாமல் இருளில் வலை இழுப்பவன், எந்த நாட்டவனானாலும், எந்த மொழி பேசினாலும், அந்த நியாயத்தையே அணைத்துவிடுகிறான். இரு கரையிலும் பேசப்படுவது ஒரே தமிழ் என்பதனால் இதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

அதே வேளையில், நாமும் விளக்கில்லாமல் கிடந்தால் எமது முறைப்பாட்டின் வலு பாதியாகிவிடும். "நான் காட்டினேன், நீ கண்டும் வந்தாய்" என்று சொல்லக்கூடியவனின் கை உயர்ந்து நிற்கும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு இறங்குதுறையிலும் மீனவர் சங்கக் கட்டடத்திலும் இந்த விளக்குகளும் உருவங்களும் நிறப்படங்களாக, எளிய தமிழில், மழையில் அழியாத பெயின்ரில் சுவரிலே வரையப்படவேண்டும். ஊர் இளைஞருக்கு இது ஒரு கிழமை வேலை. கரையோரப் பாடசாலைகளில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பித்தால், அவர்கள் வீட்டில் தகப்பனுக்குப் படிப்பிப்பார்கள். "சிவப்பின் கீழ் வெள்ளை, அங்கே வலை, பச்சையின் கீழ் வெள்ளை, அங்கே இழுவை" என்று ஒரு பிள்ளை மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும்?

இரண்டாவது, விளக்கு. 20 மீற்றருக்குக் குறைந்த கலத்திலே கீழ்விளக்கு படகின் விளிம்பிலிருந்து இரண்டு மீற்றராவது உயரத்திலும், மேல்விளக்கு அதற்கு ஒரு மீற்றராவது மேலேயும் இருக்கவேண்டும். அதாவது மூன்று மீற்றர்த் தடி ஒன்று தேவை. வலை வாங்கும்போது இடைஞ்சலாக இருக்கும் என்பதனால் மடிக்கக்கூடியதாக, அல்லது கழற்றி வைக்கக்கூடியதாக ஊர்த் தச்சரும் வெல்டரும் சேர்ந்து செய்து பார்க்கலாம். இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிகின்றன. பகலிலே சூரிய ஒளியில் பற்றரியை ஏற்றிக்கொள்ளலாம். சங்கங்கள் மொத்தமாக வாங்கித் தவணைமுறையில் கொடுத்தால் சுமை குறையும். வலையும் இயந்திரமும் மானியமாக வழங்கும் திட்டங்களிலே விளக்கையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கடற்றொழில் அதிகாரிகளை நாம் கேட்கவேண்டும். இயந்திரம் மட்டும் கொடுத்து விளக்கைக் கொடுக்காத உதவி, அரைவாசி உதவிதான்.

மூன்றாவது, கண்டபடி மின்னும் பல நிற விளக்குகளைக் கைவிடவேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீலமும் பச்சையும் மினுங்கும் விளக்குகளை வலை மிதவையிலும் படகிலும் கட்டும் வழக்கம் பரவி வருகிறது. விதியிலே சொல்லப்பட்ட விளக்குகளோடு மாறாட்டம் தரக்கூடிய எதையும் ஏற்றக்கூடாது. மாலுமியைக் குழப்பும் விளக்கு எமக்கே எதிரி.

நான்காவது, இரண்டு சிவப்பு என்பது உதவி கேட்கும் சமிக்ஞை அல்ல என்பதை எல்லாரும் அறியவேண்டும். "என்னால் விலகமுடியாது" என்பது அதன் பொருள். "என்னைக் காப்பாற்று" என்பதல்ல. உயிராபத்து வந்தால் சிவப்புத் தீச்சுடர், செம்மஞ்சட் புகை, இரு கைகளையும் விரித்து மெதுவாக உயர்த்தித் தாழ்த்துதல் ஆகியவை தனியான குறிகள். இந்த வேறுபாடு தெரியாமல் ஒருவர் இரவு முழுவதும் உதவிக்குக் காத்திருக்கக் கூடாது.

ஐந்தாவது, கடலில் ரோந்து செய்பவர்கள் விளக்கேற்றிய சிறு படகை மரியாதையோடு நடத்தவேண்டும். விளக்கில்லாத பெரிய கலத்தின்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும். சட்டம் கீழே நிற்பவனிடம் மட்டும் கண்டிப்பாக இருந்தால், அது சட்டமாகத் தோன்றாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. கடலிலே எமது படகுகள் சில இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. மற்றவற்றின் சத்தம் மட்டும் கேட்டது. முதியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சுவாமி, அந்தச் சிவப்பு லைற் என்ன விலை வரும்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "ரெண்டு விசாரியுங்கோ. மகன்ரை படகுக்கும் வேணும்" என்றார்.

விலகக்கூடியவன் விலகவேண்டும் என்ற நீதி கடலிலே ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த நீதியைக் கேட்டுப் பெறுவதற்கு எமது மீனவரின் கையில் ஒரு சிவப்பு விளக்கும், அதை அச்சமின்றி ஏற்றக்கூடிய ஒரு கடலும் வேண்டும். முதலாவதை நாம் ஊராகக் கூடிச் செய்யலாம். இரண்டாவதை, அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும்.